தொலைதூரப் புதைபடிவக் களப்பணியில் ட்ரோனும் சூரிய மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை முடிந்து, அலைபேசி சிக்னலும் முடிந்து, அதற்கப்புறமும் அரைநாள் போனால்தான் பல புதைபடிவத் தளங்கள் வரும். அங்கே ட்ரோனையும் சோலார் பேனலையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ட்ரோன் வாங்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். முகாமில் ஐந்தாம் நாள் வந்ததும், அன்று எத்தனை முறை பறக்கலாம், எதை வரைபடமாக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது மின்சாரம்தான்.

ட்ரோன் புதைபடிவங்களைக் கண்டுபிடித்துத் தருமா?

பெரும்பாலும் தராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிலத்தில் அரித்து வெளியே வரும் எலும்புகள் பெரும்பாலும் விரல் அளவுத் துண்டுகள். பல்லோ அதைவிடச் சிறியது. குனிந்து நடக்கும் மனிதக் கண் பார்ப்பதை 40 மீட்டர் உயரத்துக் கேமரா பார்க்காது.

ஆனால் எங்கே நடக்க வேண்டும் என்பதை ட்ரோன் அழகாகச் சொல்லும். எந்தச் சரிவில் சரியான பாறை அடுக்கு வெளியே தெரிகிறது, எந்த ஓடை போன மழையில் புதிதாக அரித்திருக்கிறது, எந்தப் பக்கம் ஏற வழி இருக்கிறது என்பதெல்லாம் 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். கால்நடையாகப் பார்த்தால் இதற்கு இரண்டு நாள் ஆகும். கயிறு கட்டி இறங்க வேண்டிய செங்குத்துப் பாறை முகங்களையும் ஆளுக்கு ஆபத்தில்லாமல் பார்க்கலாம். டைனோசர் காலடித் தடங்கள், கல்லாய்ச் சமைந்த மரத்தண்டுகள் போன்ற பெரிய விஷயங்களை மட்டும் நேரடியாகவே காணலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தாமஸ் கே, மைக்கேல் பிட்மன் என்ற புதைபடிவ ஆய்வாளர்கள் இருவரும் லேசர் பொருத்திய ட்ரோனை இரவில் தரைக்குச் சில மீட்டர் மேலே பறக்கவிட்டு, லேசர் பட்டதும் ஒளிரும் எலும்புகளைப் படம்பிடித்த முறையை 2020இல் வெளியிட்டார்கள். எலும்பில் இருக்கும் சில கனிமங்கள் அப்படி ஒளிரும். வேறு பல கனிமங்களும் பாறையில் பாசி போலப் படர்ந்த லைக்கனும்கூட ஒளிரும் என்பதால், காலையில் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் ட்ரோனின் உண்மையான பயன் என்ன?

சூழலைப் பதிவு செய்வது. ஒரு எலும்பைத் தோண்டி எடுத்த பிறகு, அது எந்த அடுக்கில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது குறிப்பேட்டில் மட்டுமே மிஞ்சும். தோண்டுவதற்கு முன்பு, நடுவில், முடித்த பிறகு என மூன்று முறை ட்ரோனில் படமெடுத்து, அந்தப் படங்களைக் கணினி மென்பொருளில் இணைத்து முப்பரிமாண மாதிரி செய்து வைத்தால், பத்து வருடம் கழித்து வேறொருவர் புதிய கேள்வியோடு அந்தக் குழிக்குள் பார்க்கலாம். இதற்காக மட்டுமே ட்ரோனைச் சுமந்துகொண்டு போகலாம் என்பேன்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையில் புரூம் நகரை ஒட்டிய டைனோசர் காலடிகள் நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 13 கோடி ஆண்டுப் பழமை. தடங்கள் அலைவாய்ப் பாறையில் இருக்கின்றன. அங்கே கடல் மட்டம் சில நாட்களில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும், பாறை வெளியே தெரிவது சில மணி நேரம்தான். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீவ் சாலிஸ்பரியின் குழு 21 வகைத் தடங்களை அங்கே அடையாளம் கண்டு 2017இல் வெளியிட்டது. சிறு விமானம், ட்ரோன், தரை லேசர் ஸ்கேனர் மூன்றையும் கலந்து வரைபடமாக்கினார்கள். தண்ணீர் திரும்பி வரும் முன் அளவுநாடாவால் அந்தப் பரப்பை முடிக்க முடியாது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்ட்ஷையரின் ட்யூவர்ஸ் பார்ம் கல்குவாரியில் 2024 கோடையில் சுமார் 200 காலடிகள் வெளிவந்தன. 16.6 கோடி ஆண்டுப் பழமையானவை. மிக நீண்ட தடவரிசை 150 மீட்டருக்கு மேல் போகிறது. 20,000க்கும் அதிகமான படங்கள் எடுத்தார்கள், ட்ரோன் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரிகளும் செய்தார்கள். தரையில் நிற்கும்போது ஒவ்வொரு காலடியும் ஒரு குழிதான். மேலிருந்து பார்க்கும்போதுதான் அது நடந்து போன ஒரு விலங்காகத் தெரிகிறது.

எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும்?

ஒரு பிக்சல் தரையில் எத்தனை செ.மீ.க்குச் சமம் என்று தீர்மானித்துவிட்டு உயரத்துக்கு வாருங்கள். கணக்கு எளிது: சென்சாரில் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) ஒரு பிக்சலின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 20 மெகாபிக்சல், 1 அங்குலச் சென்சார், 8.8 மி.மீ. லென்ஸ் கொண்ட கேமராவில் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் சுமார் 2.7 செ.மீ. 37 மீட்டரில் 1 செ.மீ. 11 மீட்டரில் 3 மி.மீ.

5 செ.மீ. அகல எலும்பு 1 செ.மீ. பிக்சலில் ஐந்தே புள்ளி. வெளிறிய கறை போலத்தான் தெரியும். அதை எலும்பு என்று அடையாளம் சொல்ல 3 மி.மீ. வேண்டும். சரி, எல்லாவற்றையும் 11 மீட்டரில் பறந்தே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கான விலையைப் பாருங்கள். பறக்கும் திசையில் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்தால், 1 செ.மீ. தெளிவுக்கு ஒரு ஹெக்டேருக்கு சுமார் 85 படங்கள். 3 மி.மீ. தெளிவுக்கு சுமார் 930. உயரத்தைப் பாதியாக்கினால் படங்கள் நான்கு மடங்காகும், பேட்டரிச் செலவும் அதோடு ஏறும்.

அதனால் நான் இரண்டு நிலையாகச் செய்வேன். முதல் நாள் முழுத் தளத்தையும் உயரத்திலிருந்து ஒரு முறை. அன்று இரவு மடிக்கணினியில் குறைந்த தரத்தில் ஒரு நில மாதிரி. அதன்மேல் இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் தாழ்வாக. இப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ட்ரோன் உயரத்தை மாற்றிக்கொள்ள ஒரு நில மாதிரி தேவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் கட்ட மாதிரியில் ஓடைப் பள்ளங்கள் எல்லாம் மழுங்கிப் போயிருக்கும், அதை நம்பித் தாழ்வாகப் பறந்தால் முகட்டில் மோதும். நீங்களே முதல் நாள் செய்த மாதிரி அதைவிட எத்தனையோ மடங்கு நம்பத்தக்கது.

என் முப்பரிமாண மாதிரி நடுவில் கிண்ணம் போல வளைந்து வருகிறது. ஏன்?

எல்லாப் படங்களையும் நேர் கீழ்நோக்கியே எடுத்திருப்பீர்கள். லென்ஸின் வளைவையும் நிலத்தின் வளைவையும் மென்பொருளால் பிரித்தறிய முடியாமல் போகிறது. கேமராவை 20 முதல் 30 டிகிரி சாய்த்து இன்னொரு சுற்று எடுத்துச் சேருங்கள், பெருமளவு சரியாகும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் வேண்டும், அதாவது இடம் துல்லியமாக அளந்து, படத்தில் தெரியும்படி தரையில் வைக்கும் அடையாளத் தட்டுகள். குறைந்தது ஐந்து, முடிந்தால் எட்டு அல்லது பத்து. மூலைகளில் மட்டும் வைக்காமல் நடுவிலும், மேட்டிலும், பள்ளத்திலும் வையுங்கள். இரண்டு மூன்று புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டால், மாதிரி எவ்வளவு சரி என்று பிறகு சோதிக்கலாம். கிளம்பும்போது எல்லா அடையாளத் தட்டுகளையும் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பெயின்ட் அடிப்பது வேண்டாம், அது பாறையிலேயே தங்கிவிடும்.

இணையமே இல்லாத இடத்தில் துல்லியமான ஆயத்தொலைவு (ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்கள்) எப்படிக் கிடைக்கும்?

செயற்கைக்கோள் நிலைகாட்டும் கருவி ஒன்றை முகாம் அருகே ஒரே புள்ளியில் அசையாமல் நிறுத்தி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தரவைப் பதிய விடுங்கள். ஊர் திரும்பிய பிறகு அந்தக் கோப்பைக் கனடா அரசின் இலவசக் கணிப்புச் சேவை போன்ற ஒன்றில் ஏற்றினால், அந்தப் புள்ளியின் இடம் சில செ.மீ. துல்லியத்தில் கிடைக்கும். மற்ற எல்லாப் புள்ளிகளையும் அதை வைத்து நகர்த்திக்கொள்ளலாம். இடத்தை அங்கேயே உடனுக்குடன் சரிசெய்யும் நேரலைத் திருத்தம் களத்தில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கருவிக்கு நாள் முழுக்க மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை.

நாளின் எந்த நேரத்தில் பறப்பது நல்லது?

காலையிலும் மாலையிலும். பெரும்பாலான வறண்ட நிலங்களில் காலையில் காற்று அடங்கியிருக்கும். சாய்வான வெயில் ஆழமில்லாத காலடித் தடங்களின் விளிம்பை நிழலால் எடுத்துக் காட்டும், நண்பகலில் அதே தடம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் துல்லியமான முப்பரிமாண மாதிரிக்கு நீண்ட நிழல் எதிரி, அதற்கு மெல்லிய மேகம் மூடிய வானம் சிறந்தது. பார்த்துத் தேடுவதற்கும் அளப்பதற்கும் ஒரே வெளிச்சம் பொருந்தாது. எதற்காகப் பறக்கிறோம் என்பதை முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

இங்கேதான் சூரிய மின்சாரம் நன்றாகப் பொருந்துகிறது. காலை 6 முதல் 9 வரை பறக்கிறோம். 11 முதல் 3 வரை பேனல் முழு வீச்சில் தரும். அந்த நேரம் காற்றும் வெப்பமும் பறக்கவிடாது, ஆட்களும் நிழலில் இருப்பார்கள். அப்போது பேட்டரிகளைச் சார்ஜ் செய்தால் மாலைக்குத் தயார். வெயில் இருக்கும்போதே நேராகச் சார்ஜ் செய்வதில் இன்னொரு சேமிப்பும் இருக்கிறது. மின்சாரத்தைப் பெரிய பேட்டரியில் போட்டு, இரவில் அதிலிருந்து எடுத்து, ட்ரோன் பேட்டரிக்கு மாற்றினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும்.

எவ்வளவு பெரிய பேனல் வேண்டும்?

முதலில் செலவை எழுதுங்கள். ஆறு பேர் கொண்ட முகாமுக்கு நான் போடும் கணக்கு இப்படி இருக்கும்.

ட்ரோன் பேட்டரி ஒன்று 77 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம் (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடச் செலவாகும் மின்சாரமே ஒரு வாட்-மணி). ஒரு நாளில் ஆறு முறை பறக்கிறோம். ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கு தீர்ந்ததும் இறக்கிவிடுகிறோம். சுமார் 350 வாட்-மணி. சார்ஜர், இன்வெர்ட்டர் இழப்போடு 420. மடிக்கணினி மூன்று மணி நேரம், 60 வாட் வீதம், 180. ஆறு அலைபேசிகள் 90. நிலைகாட்டும் கருவிகள் 60. கேமரா 30. விளக்குகள் 40. அவசரச் செய்திக் கருவிக்கும் வாக்கி-டாக்கிக்கும் 20. மொத்தம் 840. எதிர்பாராததற்கு இடம் விட்டு, நாளுக்கு 1000 வாட்-மணி.

இனி வரவு. ஒரு இடத்தில் நாள் முழுக்க விழும் வெயிலை, உச்சி வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். வறண்ட நிலத்தில் நல்ல பருவத்தில் ஐந்து மணி நேரம் என்று வைப்பது பாதுகாப்பானது. தூசி, வெப்பம், சாய்வு, கம்பி இழப்பு எல்லாம் போக 70 சதவீதம்தான் கைக்கு வரும். 1000ஐ 5ஆலும் 0.7ஆலும் வகுத்தால் 286. ஆக 300 வாட் பேனல். 100 வாட் மடிப்புப் பேனல்களாக மூன்று கொண்டுபோவது ஒரே பெரிய பேனலைவிட நல்லது. ஒன்று உடைந்தாலும் முகாம் இருட்டாகாது.

சேமிப்புக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 1280 வாட்-மணி தரும். எடை 10 முதல் 13 கிலோ. மேகமூட்டமான ஒரு நாளை இது தாங்கும். இரண்டாவது நாளும் மேகம் என்றால் எதை நிறுத்துவது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள். மடிக்கணினி முதலில், அப்புறம் ட்ரோன். அவசரத் தொடர்புக் கருவிக்கான மின்சாரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. அதற்கென்று தனியாகச் சிறு பேட்டரி ஒன்று மூடிய பெட்டியில் இருக்கட்டும்.

300 வாட் பேனல் 200 வாட்தான் தருகிறது. பழுதா?

அநேகமாக இல்லை. பேனலில் அச்சிட்ட எண் ஆய்வகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் வைத்து அளந்தது. களத்தில் பேனலின் பரப்பு 65 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்பதால் வெப்பத்திலேயே 12 முதல் 16 சதவீதம் போய்விடும். தரையோடு ஒட்டி விரிக்காமல் அடியில் காற்று போகும்படி சாய்த்து நிறுத்துங்கள். ஒரு நாளில் மூன்று முறை வெயிலைப் பார்த்துத் திருப்புங்கள். காலையில் ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள், காய்ந்த துணியில் மணலோடு தேய்த்தால் கீறல் விழும்.

நிழலை மட்டும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பேனலின் ஒரு மூலையில் கூடாரக் கயிற்றின் நிழல் விழுந்தாலே தொடராக இணைந்த அந்த வரிசைச் செல்கள் முழுவதும் தளர்ந்துவிடலாம். என் முதல் பயணத்தில் பேனலைக் கூடாரத்தின் மேலேயே கட்டியிருந்தோம். மதியத்துக்கு மேல் கம்பத்தின் நிழல் அதன் குறுக்கே விழுந்துகொண்டிருந்ததைக் கவனிக்க மூன்று நாள் ஆனது.

பேனல் வெயிலில், பேட்டரி நிழலில் இருக்க வேண்டுமே. நீளக் கம்பி போடலாமா?

போடலாம், ஆனால் கம்பியின் தடிமனையும் மின்னழுத்தத்தையும் பார்த்துப் போடுங்கள். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் 10 மீட்டர் தூரத்துக்கு 20 ஆம்பியர் அனுப்பினால், போக வர 20 மீட்டரில் சுமார் 2.75 வோல்ட் வழியிலேயே தொலையும். 12 வோல்ட் அமைப்பில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மூன்று பேனல்களைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்தினால், அதே ஆற்றலுக்கு ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகும், இழப்பு ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கும். இதற்கு, பேனலின் உயர் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி (MPPT) வகைச் சார்ஜ் கன்ட்ரோலர் தேவை. அது தாங்கும் உச்ச மின்னழுத்தத்துக்குள் தொடர் இணைப்பு அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காலையில் பேனலின் மின்னழுத்தம் வழக்கத்தைவிடக் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஜெனரேட்டரை விட்டுவிடலாமா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. 1920களில் அமெரிக்க ஆய்வுப் பயணி ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் மங்கோலியாவின் கோபி பாலைவனத்துக்குக் கார்களில் போனபோது, பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஒட்டகக் கூட்டம் முன்னதாகவே போய்க் காத்திருந்தது. 1923இல் எரியும் பாறைகள் என்று அழைக்கப்படும் பயன்சாக்கில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததற்குப் பின்னால் அந்த ஒட்டகங்களின் உழைப்பும் இருக்கிறது. எரிபொருளைச் சுமக்கும் கணக்கு இன்றும் அதேதான், ஒவ்வொரு லிட்டரையும் யாராவது கொண்டுவர வேண்டும். சூரிய மின்சாரத்தில் எடை முதல் நாளோடு முடிந்துவிடும். பயணம் நீளமாக நீளமாக லாபம் கூடும். சத்தமும் புகையும் இல்லை என்பதை, ஒரு வாரம் ஜெனரேட்டர் பக்கத்தில் தூங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பாறை அறுக்கும் இயந்திரம், துளைக்கருவி, காற்றழுத்தி எல்லாம் கிலோவாட் கணக்கில் இழுக்கும். 300 வாட் பேனலை வைத்துக்கொண்டு அந்த வேலைக்கு ஆசைப்படக்கூடாது. பெரிய தோண்டுதலுக்குப் பெட்ரோல் கருவிகள் தேவைதான். தேடல், வரைபடம், சிறு தோண்டுதல் என்றால் சோலார் போதும், மாற்று யோசனையே வேண்டாம். இரண்டு மூன்று நாள் பயணமென்றால் பேனல்கூட வேண்டாம். நிரப்பிய பேட்டரிகளைக் கூடுதலாக எடுத்துப் போவதே இலகு.

பேட்டரிகளை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

100 வாட்-மணிக்குள் இருக்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டும் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரிகள். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் பயணியின் உடைமையாகப் போகாது. அதாவது முகாமின் பெரிய சேமிப்புப் பேட்டரியை நீங்கள் சேரும் ஊரிலேயே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும், அல்லது சரக்காக முன்கூட்டி அனுப்ப வேண்டும். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் வையுங்கள். ஒரு பேட்டரிக்கு 99 வாட்-மணி என்ற அளவில் பல கருவிகள் விற்பதன் காரணம் இந்த விதிதான்.

வெப்பம், குளிர், உயரம், தூசி: ட்ரோன் தாங்குமா?

வெப்பத்தில் பறப்பதைவிடச் சார்ஜ் செய்வதுதான் சிக்கல். பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். ஆறும்வரை பல சார்ஜர்கள் ஏற்கவே ஏற்காது. நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். மூடிய வண்டிக்குள் வைக்க வேண்டாம். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு முறை என்று பறக்கவிட வேண்டாம். சில நாட்கள் பறக்கப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

குளிரில் இதற்கு நேர்மாறு. பேட்டரிகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்து கடைசி நிமிடத்தில் பொருத்துவார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். துருவப் பகுதிக் கோடையில் 24 மணி நேரமும் வெளிச்சம் இருக்கும், ஆனால் சூரியன் தாழ்வாகச் சுற்றிவரும். பேனலைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிலும் திருப்ப வேண்டும், அல்லது வெவ்வேறு திசைகளில் நிறுத்த வேண்டும்.

4000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விசிறிகள் வேகமாகச் சுழல வேண்டும், பறக்கும் நேரம் குறையும், காற்றை எதிர்க்கும் தெம்பும் குறையும். தூசிக்கு ஒரே மருந்து இறங்கும் விரிப்பு. நேராக மண்ணில் இறக்கினால் விசிறி கிளப்பும் தூசி மோட்டாருக்குள்ளும் கேமராத் தாங்கிக்குள்ளும் போகும்.

பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போய்விட்டால்?

ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்தைப் புறப்படும் இடத்திலிருந்துதான் கணக்கிடும். பள்ளத்தாக்கின் தரையில் நின்று ஏற்றி, திரும்பும் உயரத்தை 30 மீட்டர் என்று விட்டுவைத்து, பக்கச் சுவர் 60 மீட்டர் இருந்தால் அது நேராகச் சுவரில் மோதும். விபத்துகளில் கணிசமானவை இப்படி நடப்பவை என்பது என் அனுபவம். முடிந்தவரை மேட்டில் நின்று இயக்குங்கள். இரும்புச் சத்து மிகுந்த பாறைமேல் வைத்துத் திசைகாட்டியைச் சீரமைக்காதீர்கள்.

பறவைகள் தாக்குமா?

கழுகு, வல்லூறு தாக்கும். பாறை முகட்டில் கூடு கட்டியிருக்கும் பருவத்தில் அந்தச் சுவரைப் படமெடுக்கவே வேண்டாம், புதைபடிவம் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். பறவை நெருங்கினால் மேலே ஏற்றி, விலகி, இறக்கிவிடுங்கள்.

அனுமதி?

பறக்க, நிலத்தில் நுழைய, புதைபடிவம் சேகரிக்க: மூன்றும் தனித்தனி அனுமதிகள். ஒன்று கையில் இருந்தால் மற்றதும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல நாடுகளில் 120 மீட்டர் உயர வரம்பும், ட்ரோன் எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் ட்ரோனை ஏற்றவோ இறக்கவோ முடியாது. அங்கேயே 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்கே தடை. ட்ரோனும் ஜெனரேட்டரும் இரண்டும் அதில் அடங்கும். மொராக்கோ புதைபடிவங்களுக்குப் பேர்போனது, ஆனால் முன் அனுமதியின்றிக் கொண்டுபோகும் ட்ரோனைச் சுங்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அண்டார்க்டிகாவிலும் அனுமதி வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால், அந்த நிலத்தின் மக்களிடம் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. புரூம் கடற்கரைத் தடங்கள் அங்கே வாழும் கூலாராபூலூ மக்களின் பாடல் மரபில் காலங்காலமாக இருப்பவை. ஆய்வாளர்களை அங்கே அழைத்தவர்களே அவர்கள்தான். தலைக்கு மேலே சொல்லாமல் பறக்கும் ஒரு கேமரா எந்தக் குடியிருப்பையும் பதறவைக்கும். முதல் நாள் போய்ப் பேசுங்கள், திரையைக் காட்டுங்கள், அவர்கள் நிலத்தை மேலிருந்து அவர்களும் பார்க்கட்டும்.

முகாமில் செயற்கைக்கோள் இணையம் வைக்கலாமா?

வைக்கலாம், மின்சாரத்தைப் பார்த்து வையுங்கள். ஸ்டார்லிங்க் சாதாரணத் தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், சிறிய மினி வகை 25 முதல் 40. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டால் பிரச்சினை இல்லை. நாள் முழுக்க ஓடவிட்டால் சாதாரணத் தட்டு ஒன்றே மேலே சொன்ன கணக்கை விழுங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவு படங்களில் எலும்பைத் தேடித் தருமா?

முயற்சிகள் நடக்கின்றன. வயோமிங் மாநிலத்தின் கிரேட் டிவைட் படுகையில் மானிடவியலாளர் ராபர்ட் அனிமோனின் குழு 2011லேயே செயற்கைக்கோள் படங்களை நரம்பியல் வலையமைப்புக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரல்) கொடுத்து, புதைபடிவம் கிடைக்க வாய்ப்புள்ள நிலத்தைக் கணிக்கப் பார்த்தது. எங்கே தேடலாம் என்று சொல்ல இது உதவுகிறது. எலும்பைத் தனித்தனியாகச் சுட்டிக்காட்டச் சொன்னால் ஜிப்சம், கால்சைட் போன்ற வெளிறிய கனிமத் துண்டுகளையும், வெயிலில் வெளுத்த ஆட்டு எலும்பையும் சேர்த்தே காட்டும். அந்தப் பட்டியலை நடந்து சரிபார்க்க ஆள் இருந்தால் பயன்படுத்துங்கள்.

படங்களை எப்படிப் பாதுகாப்பது? எல்லாவற்றையும் வெளியிடலாமா?

அன்றைய படங்களை அன்றிரவே சுழலும் பாகம் இல்லாத இரண்டு எஸ்எஸ்டி (SSD) சேமிப்பகங்களில் நகலெடுத்து, இரண்டையும் வெவ்வேறு ஆளின் பையில் வையுங்கள். சுழலும் வட்டைவிட எஸ்எஸ்டி குறைவாக மின்சாரம் எடுக்கும், குலுங்கினாலும் தாங்கும். நினைவு அட்டையை முகாம் முடியும்வரை அழிக்காமல் வைப்பது மூன்றாவது நகல்.

வெளியிடுவதில் தயவுசெய்து நிதானமாக இருங்கள். ஒவ்வொரு ட்ரோன் படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. திருடி விற்பவர்களுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. தடங்களைப் பாறையோடு அறுத்து எடுத்துப் போன தளங்கள் உண்டு. பொதுவில் போடும் படங்களிலிருந்து இடத் தகவலை நீக்குங்கள். நீக்கினாலும், பின்னணியில் தெரியும் மலை வரிசையை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள், அதனால் அடிவானம் தெரியாதபடி வெட்டுங்கள். ட்ரோன் செயலி பறந்த பாதையைத் தானாக இணையத்தில் ஏற்றும் வசதியைப் புறப்படும் முன்பே அணைத்துவிடுங்கள். முழுத் துல்லியமுள்ள மாதிரியும் ஆயத்தொலைவுகளும் அந்தப் புதைபடிவத்தை வைத்துக் காக்கும் அருங்காட்சியகத்திடமும், அனுமதி தந்த அலுவலகத்திடமும் இருக்கட்டும். ஆய்வுக்குக் கேட்பவர்கள் அங்கே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.